கிராப்பா மலையடிவாரம்: கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வந்த இத்தாலிப் பயணக் கட்டுரையை முழுவதும் படித்தேன். ரோமுக்கு ஒரு பக்கம், வெனிஸுக்கு அரைப் பக்கம், ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக்கு ஒரே ஒரு பத்தி. அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. இடப் பற்றாக்குறை எந்தப் பத்திரிகைக்கும் உண்டு. அந்த ஒரு பத்திக்குள் இத்தனை பிழைகள் எப்படி நுழைந்தன என்பதுதான் விளங்கவில்லை. நில அளவைத் துறையில் வரைவாளராக வேலை பார்த்தவள் நான். வரைபடத்தில் ஒரு கோடு இழையளவு பிசகினாலும் அண்ணனும் தம்பியும் நீதிமன்றத்தில் நிற்பார்கள் என்று தெரிந்தவள். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. என் மகள் பதுவா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இருவரும் ரயிலேறிப் போவது, கிராப்பா மலையடிவாரத்தில் இருக்கும் பஸ்ஸானோ தெல் கிராப்பா ஊருக்குத்தான். நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் அங்கேதான்.

முதலில் பஸ்ஸானோவின் பாலம். "நானூற்றைம்பது ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் கல்பாலம்" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது மரப்பாலம், கூரை வேய்ந்த மரப்பாலம். அசையாமல் நின்றது என்றும் சொல்வதற்கில்லை. முந்தைய பாலத்தை பிரெந்தா ஆறு 1567இல் அடித்துக்கொண்டு போனபிறகு, கட்டடக் கலைஞர் ஆந்திரேயா பல்லாடியோவிடம் வேலை வந்தது. அவர் முதலில் கல்லில் ஒரு பாலத்தை வரைந்து கொடுத்தார். ஊர்ச் சபை அதை ஏற்கவில்லை. பழைய பாலத்தின் சாயலில், மரத்தில்தான் வேண்டும் என்றது. 1569இல் மரத்துக்கு வரைந்தார். அதை 1748இல் வெள்ளம் கொண்டு போயிற்று. 1813இல் பின்வாங்கிய நெப்போலியன் தரப்புப் படை தீ வைத்தது. 1945இல், போர் முடியும் தறுவாயில், மறுபடியும் அழிந்தது. ஆல்பீனி எனப்படும் மலைப்படை வீரர்கள் கைகொடுக்க 1948இல் மீண்டும் எழுந்தது. அதனால் ஆல்பீனி பாலம் என்ற பெயரும் வந்தது. பெரிய அளவிலான பழுதுபார்ப்பு ஒன்று 2021இல்தான் முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் அதை பல்லாடியோவின் பாலம் என்று சொல்வது சரியே. ஒவ்வொரு முறையும் அவருடைய வடிவத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். அவர் 1570இல் அச்சிட்ட நூலில் அந்தப் பாலத்தின் வரைபடம் இருக்கிறது. மரம் போயிற்று, வரைபடம் நின்றது. என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதை நான் சொல்லாமல் விட்டதில்லை. பாலத்தின் ஒரு முனையில் 1779 முதல் நடந்துவரும் மது வடிப்பகத்தின் கடை உண்டு. கட்டுரையாளர் அதைப் பற்றி மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

பாலத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது இன்னொரு வரி. மலையைப் பார்த்தபடி மரங்கள் வரிசையாக நிற்கும் சாலையை "செல்ஃபி எடுக்க அருமையான இடம்" என்று குறித்திருக்கிறீர்கள். அதன் பெயர் வியாலே தெய் மார்த்திரி, தியாகிகள் சாலை. 1944 செப்டம்பர் 26 அன்று, கிராப்பா மலையில் நடந்த தேடுதல் வேட்டையில் பிடிபட்ட 31 பேரை ஜெர்மானியரும் இத்தாலியப் பாசிஸ்டுகளும் அந்த மரங்களில் தூக்கிலிட்டார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். மரங்களில் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் மாலை வேளையில் அங்கே உலாவத்தான் செய்கிறார்கள். தள்ளுவண்டியில் குழந்தையும் கையில் ஐஸ்கிரீமுமாக. நானும் உலாவினேன். படம் எடுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. எந்த மரத்தடியில் நிற்கிறோம் என்பதை வாசகருக்கு ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இனி மலை. "காலையில் சைக்கிளில் கிராப்பா உச்சிக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வெனிஸ் திரும்பிவிடலாம்" என்கிறது கட்டுரை. கிராப்பா உச்சியின் உயரம் 1,775 மீட்டர். பஸ்ஸானோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 130 மீட்டரில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் 1,600 மீட்டருக்கு மேல் மிதித்தே ஏற வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜீரோ தி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தின் கடைசிக்கு முந்தைய நாளில் வீரர்களை இந்த மலையில் இரண்டு முறை ஏற்றினார்கள். அன்று வென்றவர் ஸ்லோவேனியாவின் ததேய் போகச்சார். அவருக்கு வேண்டுமானால் மதியச் சாப்பாடு வெனிஸில் கிடைத்திருக்கும்.

ஏறுவதற்குப் பல சாலைகள் உண்டு. எல்லாம் ஒன்றுபோல் இல்லை. பந்தயக்காரர்கள் ஏறிய செமொன்சோ வழி 18 கி.மீ. தூரம், சராசரிச் சரிவு 8 சதவீதம். சில வளைவுகளில் நின்று மூச்சு வாங்குவதற்குக்கூட சமமான இடம் கிடைக்காது. ரொமானோ தெட்செலீனோ ஊரிலிருந்து போகும் ஸ்த்ராதா கடோர்னா சுமார் 26 கி.மீ. நீளம், சரிவு ஏறத்தாழ 6 சதவீதம். முதல் உலகப் போரில் ஜெனரல் லூயிஜி கடோர்னாவின் ஆணைப்படி போட்ட ராணுவச் சாலை அது. பீரங்கியும் லாரியும் ஏற வேண்டுமென்பதற்காகச் சரிவைக் கட்டுக்குள் வைத்து, மலையை வளைத்து வளைத்துக் கொண்டு போயிருக்கிறார்கள். நாட்டு வரைபடத்தில் உயரக் கோடுகளோடு அந்தச் சாலையை வைத்துப் பார்த்தால், போட்டவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்று ஒரே பார்வையில் புரியும். என்னைப் போன்ற வயதுக்காரர்களுக்கு அந்த வழிதான்.

நான் ஏறியது மின்சைக்கிளில். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிதித்தால்தான் மோட்டார் உதவும், 25 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அந்த உதவியும் நின்றுவிட வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். வாடகைக் கடைக்காரர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு பிரேக்கைப் பற்றிப் பேசவில்லை, பேட்டரியைப் பற்றித்தான் பேசினார்: "பாதி மலை வரைக்கும் மிகக் குறைந்த உதவியிலேயே ஏறுங்கள் அம்மா, மிச்சத்தை மேலே போய்ச் செலவு செய்யலாம்." மகள்தான் இத்தாலியத்திலிருந்து அதை எனக்குச் சொன்னாள், "அம்மா" அவள் சேர்த்ததாக இருக்கும். நல்ல யோசனை. மேல் பாதியில் காடு முடிந்து புல்வெளி தொடங்கும்போது காற்று முகத்தில் அடிக்கிறது. பேட்டரியின் அருமை அங்கே தெரிகிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கீழே வியர்த்து ஒழுகியவர், இறங்கும்போது ஈரச் சட்டையோடு நடுங்குவார். ஒரு காற்றுத் தடுப்புச் சட்டையை மடித்துப் பையில் வைக்கச் சொல்லாத பயணக் கட்டுரை என்ன பயணக் கட்டுரை?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு சைக்கிள் ஓட்டுபவர் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி அணிய வேண்டும்; சுரங்கப் பாதைக்குள் பகலிலும் அணிய வேண்டும். பெரியவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை, ஆனால் இறங்கும் வேகத்தைப் பார்த்தவர் அதில்லாமல் போகமாட்டார். 2024 டிசம்பர் முதல், சைக்கிளை முந்தும் கார் சாலை இடம்கொடுக்கும் பட்சத்தில் ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் விலகித்தான் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அந்த மலைக்கு வார நாளில் போவது மேல்.

உச்சியில் இருப்பதைக் கட்டுரை "போர் நினைவுச் சின்னம்" என்ற மூன்று சொல்லில் முடித்துவிட்டது. 1917 அக்டோபரில் கப்பொரெத்தோவில் இத்தாலியப் படை உடைந்து பின்வாங்கி, இந்த மலையிலும் கிழக்கே பியாவே ஆற்றிலும்தான் காலூன்றி நின்றது. ஓராண்டு இங்கே போர் நடந்தது. 1935இல் திறக்கப்பட்ட, இறந்தவர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவிடத்தில் சுமார் 12,600 இத்தாலியரும் சுமார் 10,300 ஆஸ்திரிய, ஹங்கேரியப் படையினரும் இருக்கிறார்கள். எதிரெதிரே சுட்டுக்கொண்டவர்கள் ஒரே மலைமுகட்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில். பெரும்பாலோர் யாரென்று கண்டுபிடிக்க முடியாதவர்கள். பெயர் தெரிந்த சிலரில் பீட்டர் பான் என்று ஒரு சிப்பாய். ஆஸ்திரிய, ஹங்கேரியப் பகுதியில் இருக்கிறார். கதைப் புத்தகச் சிறுவனின் பெயர் என்பதால் அந்த ஒரு பெயர்ப் பலகைக்கு மட்டும் குழந்தைகள் பூவும் பொம்மையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை. அதைப் பார்த்துச் சிரிப்பதா, சினம் கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மலையேற்றமே வேண்டாம் என்பவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் நல்ல சைக்கிள் வழி இருக்கிறது. கட்டுரை அதைக் குறிப்பிடவே இல்லை. கல்டொனாட்சோ ஏரியிலிருந்து பஸ்ஸானோ வரை ஏறக்குறைய 80 கி.மீ. நீளமுள்ள வல்சுகானா சைக்கிள் பாதை. பிரெந்தா ஆறு பிறப்பதே கல்டொனாட்சோ, லெவிகோ ஏரிகளில். ஆற்றோடு சேர்ந்து பாதையும் இறங்குகிறது. தூரம் முழுவதற்குமாகச் சுமார் 300 மீட்டர் இறக்கம், உடம்புக்குத் தெரியாத இறக்கம். ஆப்பிள் தோட்டம், மக்காச்சோள வயல், ஆற்றின் இரு கரையிலும் வீடுகள் நிற்கும் போர்கோ வல்சுகானா. வழியில் சைக்கிள்காரர்களுக்கென்றே நடக்கும் பிசிகிரில் உணவுக்கடைகளில் காபி குடிக்கலாம், டயருக்குக் காற்றும் அடித்துக்கொள்ளலாம். திரெந்தீனோ மாநில எல்லையைத் தாண்டி வெனெதோ மாநிலத்துக்குள் வந்ததும், பிரிமொலானோவுக்குக் கீழே, பள்ளத்தாக்கு இறுகிச் சுவர்போல் இரு பக்கமும் பாறை எழுகிறது. அங்கே சில இடங்களில் சைக்கிளும் காரும் ஒரே சிறு சாலையில் போக வேண்டியிருக்கும்.

அதிகாலையில் கிளம்புவது நல்லது. மலைக்காற்று காலையில் பள்ளத்தாக்கின் கீழ்நோக்கி வீசும். வெயில் ஏறியதும் சமவெளியிலிருந்து மேல்நோக்கித் திரும்பிவிடும். மதியத்துக்குப் பிறகு பஸ்ஸானோ நோக்கி ஓட்டினால், இறக்கத்தில்கூட எதிர்காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும்.

சைக்கிளோடு மேலே போக திரெந்தோ–பஸ்ஸானோ ரயில் இருக்கிறது. சைக்கிளுக்குத் தனி டிக்கெட். வண்டியில் இடம் கொஞ்சம்தான், கோடை விடுமுறையில் அடித்துப் பிடித்து ஏறுவார்கள். பாதை பராமரிப்பு நாட்களில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவதுண்டு. பஸ்ஸில் பெரும்பாலும் சைக்கிளை ஏற்றமாட்டார்கள். முதல் நாளே விசாரித்துக்கொள்வது உத்தமம். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் இருக்கும் எந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும், முத்திரை இல்லாததால் அபராதம் கட்டிய பயணிகளைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நடப்பவர்களுக்கு என் சிபாரிசு கலா தெல் சாஸ்ஸோ என்ற பழைய படிவழி. அதே ரயில் பாதையில் கர்பனே–வல்ஸ்தான்யா நிலையத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து வல்ஸ்தான்யா ஊருக்குள் போய், பக்கவாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில் நுழைந்தால் படிகள் தொடங்கும். மொத்தம் 4,444. நான் எண்ணவில்லை, ஊரே சொல்கிற கணக்கு அது. பதினான்காம் நூற்றாண்டு வேலை. படிகளுக்குப் பக்கத்திலேயே கல் பாவிய ஒரு வாய்க்கால் இறங்குகிறது. தண்ணீருக்கல்ல, மரத்துக்கு. ஆசியாகோ பீடபூமியில் வெட்டிய மரங்களை அதில் சறுக்கிவிட்டு, பிரெந்தாவில் மிதக்கவிட்டு, வெனிஸின் கப்பல் தளம் வரை அனுப்பியிருக்கிறார்கள். வெனிஸில் படகுச் சவாரி செய்வோர் அறியாத வெனிஸ் இது. மரங்களில்லாமல் அந்த நகரத்துக்குக் கப்பலும் இல்லை, வாணிபமும் இல்லை. காதலர்கள் கைகோத்து ஏறினால் பிரியமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கைகோத்து ஏறும் அகலம் பல இடங்களில் இல்லை. மழை பெய்தால் கல் வழுக்கும், இலையுதிர் காலத்தில் படியே தெரியாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கிறது. ஆகவே ஏறும் வழியாகவே இதைக் கொள்ளுங்கள்.

வல்ஸ்தான்யாவிலிருந்து பஸ்ஸானோ பக்கம் வரும் மலைச்சரிவுகளில், சாந்து பூசாமல் கல் அடுக்கிய சுவர்கள் படிப்படியாக எழுவதைப் பார்க்கலாம். புகையிலை பயிரிட்ட மேட்டு நிலங்கள். விளைநிலம் இல்லாத பள்ளத்தாக்கில் மண்ணைச் சுமந்து நிரப்பி உண்டாக்கிய நிலம் அது. இப்போது பெரும்பாலும் புதர் மண்டிக் கிடக்கிறது. அதன் வழியே புகையிலை உயர்வழி என்ற பெயரில் நடைபாதை ஒன்றைக் குறித்திருக்கிறார்கள். அளவைத் துறைக்காரியின் கண்ணுக்கு, வீட்டுக் கூடம் அகலம்கூட இல்லாத அந்தத் துண்டு நிலங்கள் ஆசியாகோவின் பரந்த புல்வெளியைவிட அதிகம் பேசுகின்றன.

"பாதை தெளிவாக இருக்கும், நல்ல காலணி போதும்" என்ற வாக்கியத்தை அடுத்த பதிப்பில் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பாதைகளில் சிவப்பும் வெள்ளையுமாக அடையாளமும் எண்ணும் இருக்கும். 1863இல் தொடங்கிய இத்தாலிய ஆல்ப்ஸ் சங்கத்தின் தன்னார்வலர்கள் பூசிப் பராமரிப்பவை. பெயர்ப் பலகையில் தூரம் இராது, நேரம்தான் இருக்கும். மலையில் அதுதான் சரியான அளவு. ஒவ்வொரு பாதைக்கும் கடினத்தைக் காட்டும் எழுத்துக் குறியீடு உண்டு. எளிய நடைக்கு T, சாதாரண மலைநடைக்கு E, பழக்கமுள்ளவர்களுக்கு மட்டும் EE. அதற்கு மேல் ஒரு A சேர்ந்தால் கயிறும் கவசமும் வேண்டும் என்று பொருள், நம்மில் பலருக்கு அது வேண்டாம். கோடையில் பிற்பகல் இடிமழை சொல்லாமல் வரும். புல்வெளியில் உண்ணி உண்டு, அதனால் பரவும் நோய்களும் அந்தப் பகுதியில் உண்டு; நடந்து திரும்பியதும் கால்களைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். கிராப்பாவின் பள்ளங்களில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடக் கூடாது. நூறாண்டுக்கு முந்தைய வெடிகுண்டுகள் இன்றும் அகப்படுகின்றன. ஆபத்தென்றால் 112. தொலைபேசி எடுக்காத இடத்தில், நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ விளக்கோ, ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. இது ஆல்ப்ஸ் முழுவதும் புரியும் சைகை.

மதியம் கடைகள் மூடியிருப்பதை "சோம்பல்" என்று எழுதியது அநியாயம். பன்னிரண்டரை வாக்கில் மூடி, மூன்று, மூன்றரைக்குத் திறந்து இரவு ஏழு தாண்டியும் நிற்கிறார்கள். மலைக்குப் போகிறவர் ரொட்டியையும் பழத்தையும் காலையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சைவர்களுக்கு ஒரு செய்தி: வசந்தத்தில் பஸ்ஸானோவின் வெள்ளை அஸ்பராகஸ் தண்டு கிடைக்கும். மண்ணை மூடி வெயில் படாமல் வளர்ப்பதால் வெள்ளை. வேகவைத்த முட்டையை மசித்து எண்ணெய் ஊற்றிச் சேர்த்துத் தருவார்கள். முட்டை வேண்டாமென்றால் சொல்லிவிடலாம். ஜூன் 13, புனித அந்தோணியார் திருநாளோடு பருவம் முடிந்துவிடும். மலைக் குடில்களில் மக்காச்சோள மாவுக் களியான பொலெந்தா எப்போதும் உண்டு. கூட வரும் ஆசியாகோ பாலாடைக்கட்டி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளால் உறையவைத்தது என்பதைச் சைவர்கள் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

பக்கத்து ஊரான மரோஸ்திகாவில் மனிதர்களே காய்களாக நின்று ஆடும் சதுரங்கத்தை "எப்போது போனாலும் காணலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரட்டைப்படை ஆண்டுகளில் மட்டும், செப்டம்பர் இரண்டாம் வார இறுதியில் நடப்பது அது. மற்ற நாளில் கோட்டைக்கு முன்னால் வெறும் கட்டம் போட்ட தரைதான். கோட்டைச் சுவரோடு மேலேறி மேல்கோட்டை வரை நடந்தால் சமவெளி முழுவதும் தெரியும், அதற்குக் கட்டணமும் இல்லை. அசோலோ அழகான ஊர். சைப்ரஸ் அரசி கத்தெரீனா கொர்னாரோவுக்கு வெனிஸ் 1489இல் கொடுத்த ஊர். எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். ஆனால் பொசான்யோவை விட முடியாது. சிற்பி கனோவா பிறந்த கிராமம். அவருடைய சுண்ணச் சாந்து மாதிரிகளை அங்கே ஒரு கூடத்தில் வைத்திருக்கிறார்கள். 1957இல் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா வடிவமைத்த கூடுதல் பகுதியில் வெளிச்சம் மேல்மூலைகளிலிருந்து இறங்குகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த உருவங்களின் கன்னத்திலும் தோளிலும் சின்னச் சின்ன உலோக ஆணிகள். பளிங்குக்கு அளவு மாற்றுவதற்கான குறிப்புள்ளிகள். நிலத்தில் நாங்கள் அளவைக் கல் நடுவது எதற்கோ அதற்கேதான். அந்தக் கூடத்தை விட்டு என் மகள் என்னை இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. 1917 இறுதியில் மலையிலிருந்து வந்த குண்டு வீச்சில் அந்த மாதிரிகள் பல உடைந்தன. ஒட்டிய தழும்புகள் சிலவற்றில் தெரியும்.

கடைசியாக, கட்டுரையோடு ஒரு வரைபடம் அச்சிட்டிருந்தீர்கள். அதில் பஸ்ஸானோ பியாவே ஆற்றங்கரையில் குறிக்கப்பட்டிருக்கிறது. பஸ்ஸானோ இருப்பது பிரெந்தா ஆற்றங்கரையில், கிராப்பா மலைக்கு மேற்கே இருந்து வரும் ஆறு அது. பியாவே மலைக்குக் கிழக்கே ஓடுகிறது. திருத்தம் வெளியிட இடம் குறைவு என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள், இதை மட்டும் வெளியிடுங்கள். அந்தப் படத்தை வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும் வாசகர் யாராவது இருப்பார்.

இப்படிக்கு,
நில அளவைத் துறையில் வரைவாளராகப் பணியாற்றிய வாசகி